மலையிலிருந்து கடலுக்கு வந்த நெருப்பு: கத்தலான் கடற்கரையில் ஐந்து நாள்

ஜூன் 21, சனி. பெர்பிஞ்ஞான்

தம்பி பிரான்சில், துலூஸ் நகரில் படிக்கிறான். அவனைப் பார்க்கத்தான் கிளம்பினேன் என்றாலும் மனதில் இருந்தது ஜூன் 23 இரவுதான். அன்று கத்தலான் மக்கள், ஸ்பெயினின் வடகிழக்கிலும் அதை ஒட்டிய பிரான்சின் தென்கோடியிலும் வாழ்பவர்கள், சன் ஜுவான் தீ மூட்டுவார்கள், கடலோர ஊர்களில் மணலிலேயே மூட்டுவார்கள், அதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சன் ஜுவான் என்றால் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான். அவர் பிறந்தநாள் ஜூன் 24, அதற்கு முந்தைய இரவுதான் தீ. பார்சிலோனாவுக்கே போய்விடலாமே என்றான் தம்பி. ஆனால் அங்கே கடற்கரையில் தீ மூட்ட அனுமதி இல்லை, தெருச் சந்திகளில்தான் மூட்டுகிறார்கள், மணலில் கூட்டமும் பட்டாசும்தான் இருக்கும் என்று அவனுடைய வகுப்புத் தோழி தடுத்துவிட்டாள். "தீயைப் பார்க்கணும்னா அது கிளம்புற இடத்துலேர்ந்து வாங்க" என்றாளாம். அதனால் முதல் நிறுத்தம் பெர்பிஞ்ஞான்.

இது பிரான்ஸ்தான். ஆனால் தெருப் பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே கத்தலான். 1659-இல் ஸ்பெயினும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டபோது கத்தலான் நிலத்தின் வடக்குத் துண்டு பிரான்சுக்குப் போனது. பேசியவர்கள் அப்படியே இருந்தார்கள், கோடு மட்டும் நடுவில் வந்தது.

ஊர் நடுவில் கஸ்டெலெட் என்று செங்கல்லால் கட்டிய பழைய கோட்டைவாசல் இருக்கிறது. அதற்குள் உள்ள அருங்காட்சியகத்தில்தான் 1964 முதல் ஒரு தீபம் வருடம் முழுக்க அணையாமல் காக்கப்படுகிறது. நாங்கள் வெயிலுக்குப் பயந்து அறையில் தூங்கிவிட்டுப் போனதால் கதவு மூடியிருந்தது. வெளியே நின்று சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

பாலத்தில் நின்றபோது மேற்கே கனிகோ மலை தெரிந்தது. 2,784 மீட்டர். சுற்றிலும் தட்டையான சமவெளி, அதிலிருந்து அது தனியாக எழுந்து நிற்கிறது. வெர்டகேர் என்ற பாதிரியார், கத்தலான் மொழியின் பெரிய கவிஞர், 1886-இல் இந்த மலையின் பெயரிலேயே ஒரு காவியம் எழுதினார். அதில் மனம் தோய்ந்த பிரான்செஸ்க் புஜாடெஸ் என்பவர், பக்கத்து ஊரான ஆர்லெஸ் தெ தெக்கைச் சேர்ந்தவர், 1955-இல் இந்த மலையுச்சியில் சன் ஜுவான் தீயை ஏற்றி அங்கிருந்து ஊர் ஊராக அனுப்பினார். அதுதான் தொடக்கம். இன்றும் ஜூன் 22 அன்று கஸ்டெலெட்டில் இருக்கும் தீபத்தை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இரவு அங்கே புதிதாகத் தீ வளர்த்து, விடியும்போது கீழே கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து கைமாறிக் கைமாறி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போகிறது.

மருந்துக்கடைப் பச்சைச் சிலுவைப் பலகை மாலை 6 மணிக்கு 36 டிகிரி என்று காட்டியது. இரண்டு சாலட், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ஐஸ்கிரீம் சேர்த்து 34 யூரோ. இன்று பிரான்ஸ் முழுவதும் இசைத் திருநாளாம், 1982-இலிருந்து ஒவ்வொரு ஜூன் 21-ம் இப்படித்தானாம். எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே ஒரு டிரம்ஸ் குழு. தூக்கம் வர இரண்டு மணி ஆனது.

ஜூன் 22, ஞாயிறு. போர்ட்போ, லியன்சா

தெற்கே போகும் ரயிலில் இடது பக்கம் உட்காருங்கள். கொலியூருக்கு அப்புறம் தண்டவாளம் கடலை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது, வலது பக்கம் செங்குத்தான சரிவில் கல் அணை கட்டி வளர்த்த திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொரு சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போதும் வேறொரு நீலம்.

எல்லையில் ரயில் மாற வேண்டும். பிரான்சில் தண்டவாளங்களுக்கு நடுவே 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினில் பழைய பாதைகளில் 1,668. இந்த ஒரு ஜாண் வித்தியாசத்துக்காகத்தான் போர்ட்போ என்கிற சின்னஞ்சிறு ஊரில் மாநகரத்துக்குரிய அளவில் ஒரு ஸ்டேஷன், தலைக்குமேல் இரும்பும் கண்ணாடியுமாகப் பிரம்மாண்டமான கூரை. எங்கள் வண்டி தாமதமாக வந்ததால் அடுத்தது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, அதற்கடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்து.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினோம். ஒரு சின்னக் கடையில் ரொட்டியும் தக்காளியும் கேட்டோம். இங்கே அது தனி உணவு: வாட்டிய ரொட்டியில் பழுத்த தக்காளியை அறுத்து நேரடியாகத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தருகிறார்கள். மூன்று யூரோ ஐம்பது. சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் காசு வாங்கும்போது எங்கள் காலி பாட்டிலைக் கேட்காமலே எடுத்துப் போய், ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அவர் கையைக் காட்டிய பக்கம் மேட்டில் கல்லறைத் தோட்டம். நாஜிகளுக்குத் தப்பி மலை தாண்டி வந்த ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1940-இல் இந்த ஊரில்தான் இறந்தார். மேட்டு விளிம்பிலிருந்து கடலை நோக்கிக் கீழே இறங்கும் துருப்பிடித்த இரும்புப் படிக்கட்டு அவருடைய நினைவுச்சின்னம். வெயிலில் சுவர் தொட முடியாதபடி கொதித்தது. படிகளின் கீழே ஒரு கண்ணாடி, அதற்கப்பால் தண்ணீர். நானும் தம்பியும் மேலே ஏறி வரும்வரை ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

லியன்சா வந்து சேர மாலை ஆகிவிட்டது. சின்னத் துறைமுகம், மீன்பிடிப் படகுகள், மணல் ஒரு வளைவு. வாடகைக்கு அறை கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், எங்கள் நல்லகாலம் நன்றாகப் பிரெஞ்சு பேசினார். வந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி காற்றைப் பற்றி. த்ரமுந்தானா என்று ஒரு வடகாற்று, மலையிலிருந்து இறங்கினால் நாற்காலியைத் தூக்கிப் போடும். மதியத்திலிருந்து அதுதான் அடிக்கிறது. "நாளைக்கும் இப்படியே அடிச்சா தீ கிடையாது."

இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். இங்கிருந்து கனிகோ தெரியாது, நடுவில் அல்பேரா மலைத்தொடர். ஆனாலும் பன்னிரண்டு அடித்தபோது அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வடமேற்கே இருட்டைப் பார்த்துச் சொன்னார்: "இப்போ ஏத்தியிருப்பாங்க."

ஜூன் 23, திங்கள். லியன்சா

காலையில் பேக்கரி. சன் ஜுவானுக்கு கோகா இல்லாமல் முடியாது. நீள்வட்டமான இனிப்பு ரொட்டி, மேலே சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சு, செர்ரி, முலாம்பழத் துண்டுகள், பைன் பருப்பு, சர்க்கரை. வாசலுக்கு வெளியே வரிசை. எல்லோர் கையிலும் ஒரு சீட்டு, முன்பதிவு செய்தவர்கள். எங்களிடம் இல்லை. முறை வந்தபோது விற்கிற பெண் இல்லை என்று தலையசைத்தார், ஒரு தட்டில் மிஞ்சியிருந்ததைக் காட்டி உடனே "இது பன்றிக் கொழுப்புப் பொரி போட்டது, சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். நான் சாப்பிடுவதில்லை. அவர் கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. பின்னால் நின்ற ஒருவர் தான் பதிவு செய்திருந்த இரண்டில் ஒன்றை வெட்டச் சொல்லிப் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். பதினொரு யூரோ கொடுத்தோம், பத்துதான் வாங்கினார். "போன் சன் ஜுவான்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்த வாழ்த்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம், திருப்பிச் சொல்லவும் பழகிவிட்டோம்.

கடைவீதியில் பட்டாசுக் கூண்டுக்கடை. எந்த வெடி எந்த வயதுக்கு என்று 12, 16, 18 எனப் பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கிறது, அதற்குத் தகுந்தாற்போலத்தான் விற்கிறார்கள். காலை பத்து மணிக்கே சத்தம் தொடங்கிவிட்டது. அந்த அம்மா தன் நாயைக் குளியலறையில் விட்டு, பக்கத்தில் ரேடியோவைப் பாட வைத்துவிட்டார். அதை நாள் முழுக்க நான்கைந்து முறை போய்த் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மதியம் வரை காற்று. மார்ச் 15 முதல் அக்டோபர் 15 வரை கத்தலோனியாவில் காட்டை ஒட்டி எங்கேயும் அனுமதியில்லாமல் தீ மூட்டக்கூடாது என்று சட்டம், இந்த மலைகள் எரிந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை. மணலில் பழைய கதவு, கால் போன நாற்காலிகள், மரப்பலகைகள், தோட்டங்களில் கழித்துக் கட்டிய திராட்சைக் கொடிக் கட்டுகள் எல்லாம் குவிந்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போய் வாங்கிவந்தது. ஒரு தீயணைப்பு வண்டி வந்து ஓரமாக நின்றது. அதன் ஆட்கள் ஒரு கம்பத்தில் கட்டிய துணியை அரை மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்கு அது தொங்கிவிட்டது. ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், பிள்ளைகள் போட்ட சத்தம் வெடியை மிஞ்சியது.

அப்புறம் சர்தானா, கத்தலான் மக்களின் வட்ட ஆட்டம். மேடையில் 11 பேர், வாத்தியம் 12. ஏனென்றால் ஒருவர் இடது கையால் சின்னப் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே அந்தக் கையில் கட்டிய குட்டி மத்தளத்தை வலது கையால் தட்டுகிறார். தெனோரா என்ற குழல் தொடங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம், கண்ணை மூடினால் தூரத்தில் நாதஸ்வரம் கேட்கிற மாதிரியே இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு அதிகம். ஆட்டம் வட்டமாகக் கைகோத்து. யார் வேண்டுமானாலும் நுழையலாம், ஆனால் ஓர் ஆணுக்கும் அவர் வலது பக்கத்துப் பெண்ணுக்கும் நடுவில் மட்டும் நுழையக்கூடாது, அவர்கள் ஜோடி. பைகளையெல்லாம் வட்டத்தின் நடுவில் போட்டுவிட வேண்டும். காலடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, குட்டை அடி, நீள அடி என்று. என் பக்கத்திலிருந்த பாட்டி என் கையை அழுத்தி அழுத்தியே அதைச் சொல்லிக் கொடுத்தார். நான் தப்பாக வைத்தபோது அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

ஒன்பது மணி சுமாருக்கு, இன்னும் நல்ல வெளிச்சம், வாத்தியம் பாதியில் நின்றது. தீ வந்துவிட்டது. தீப்பந்தமும் ஆட்டமுமாக வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு வேன். பின் கதவைத் திறந்து மூன்று கண்ணாடிச் சிம்னி விளக்குகளை இறக்கினார்கள், ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று மூன்று. உண்மையில் ஒன்று வழியிலேயே அணைந்திருந்தது. ஒரு பெரியவர் அதைத் திறந்து, மற்றதிலிருந்து திரியைப் பற்றவைத்தார், கை கொஞ்சம் நடுங்கியது, கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. விடியற்காலையில் மலையுச்சியில் இருந்த தீ! தீப்பெட்டி ஒன்றரை யூரோவுக்கு அந்தக் கடையிலேயே கிடைக்கும், ஆனால் அதை எடுக்க அங்கே யாருக்கும் மனசு வராது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொண்டு, 15 மணி நேரமாக அணையாமல் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா காதில் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி, பள்ளியில் கத்தலான் பேசினால் அடி. 1966-இல்தான் இந்தத் தீ முதல்முறையாக எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தது. ஓர் எண்ணெய் விளக்குத்தானே என்று இப்போது தோன்றலாம், அப்போது அதைக் கையில் பிடிக்கவே துணிச்சல் வேண்டியிருந்தது என்றார். இந்த வருடத்துக்கென்று எழுதிய ஒரு செய்தியை ஒரு பெண் வாசித்தாள். எல்லா ஊர்களிலும் இன்று மாலை இதையேதான் வாசிக்கிறார்களாம். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்கு இருட்டியதும் மூட்டினார்கள். திராட்சைக் கொடி காய்ந்திருந்ததால் ஒரு நிமிடத்தில் தீ ஆளுயரம் தாண்டிவிட்டது, பத்தடி பின்னால் போனோம், இன்னும் பத்தடி. பிள்ளைகள் காகிதத்தில் எதையோ எழுதி மடித்துத் தீயில் போட்டார்கள். ஒரு பையன் தன் கணக்கு நோட்டையே போட்டான், அவன் அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கோகாவைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது இங்கே வழக்கம்போல, எங்கள் பாதி கோகா காலியாவதற்குள் வேறு நான்கு வகை கோகா தின்றிருந்தோம். ஒரு தாத்தா தம்பிக்கு காவா என்கிற நுரைக்கும் ஒயின் ஊற்றிக் கொடுத்தார், அவன் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கங்கு மட்டும் மிஞ்சியபோது ஓரத்தில் சின்னத் தீயைத் தாண்டத் தொடங்கினார்கள். "அக்கா, நீயும் வா" என்று தம்பி இழுத்தான். தாண்டினேன். காற்றில் பறந்த ஒரு பொறி மணிக்கட்டில் ஒட்டிப் பொசுக்கியது. அப்புறம் எல்லோரும் கடலுக்குள். நள்ளிரவில் அலையில் கால் வைத்தால் வருடம் முழுக்க நல்லதாம். ஜூன் மாதத்திலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. தம்பி மணலை விட்டுவிட்டுப் பாறைப் பக்கம் இறங்கி, கடல் முள்ளெலி மேல் மிதித்துவிட்டான். கறுப்பு உருண்டை, ஊசி மாதிரி முள். பதினொரு முள், நான்தான் எண்ணினேன்.

ஜூன் 24, செவ்வாய். லியன்சா

நேற்றிரவு ஒன்றரை மணிக்கு அந்த அம்மா சமையலறை மேஜையில் தம்பி காலைத் தூக்கி வைத்து, வினிகர் தடவி, புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார். ரத்தச் சிவப்பில் எண்ணெய். அது என்ன என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

இன்று காலை எழுந்து வந்தால் ஜன்னலோரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி விளக்கு எரிகிறது. நேற்றுக் கடற்கரையிலிருந்து அவர் எடுத்துவந்த தீ. ஒரு நீளக் குச்சியை அதில் காட்டிப் பற்றவைத்து, அதைக் கொண்டு கேஸ் அடுப்பை ஏற்றிக் காபி போட்டார். இதில் சடங்கு மாதிரி எதுவுமில்லை, நாயை எட்டித் தள்ளிக்கொண்டே செய்தார். ஆனால் கனிகோ உச்சியிலிருந்து வந்த நெருப்பில் போட்ட காபி அது, நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

விடுமுறை. கடை எதுவும் திறக்கவில்லை, ஊர் முழுக்கத் தூங்கியது. கடற்கரையில் ஒரு டிராக்டர் மணலைச் சலித்துக்கொண்டு போனது, தீ எரிந்த இடத்தில் ஈரக் கரி வட்டம். அதில் ஒரு சிறுமி கதவு ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அந்த அம்மா கூடையோடு கிளம்பினார், கூடப் போனோம், தம்பி நொண்டிக்கொண்டே வந்தான். திராட்சைத் தோட்ட வரப்பில் மஞ்சள் பூச்செடி. பெயரே சன் ஜுவான் செடி, இன்றுதான் பறிக்க வேண்டும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார், ஊசியால் குத்தினது மாதிரி நூறு புள்ளி. மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்பு. பச்சைக் காயாகவே கொஞ்சம் வால்நட்டும் பறித்தார், அது ரதாஃபியா என்கிற மதுவுக்கு. வீட்டுக்கு வந்து பூக்களை ஒரு ஜாடியில் போட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடி, மொட்டைமாடிச் சுவரில் வைத்தார். நாற்பது நாள் வெயிலும் பனியும் பட்டால் மஞ்சள் எண்ணெய் சிவப்பாகிவிடும், தீப்புண்ணுக்கு அதுதான் மருந்து என்றார். நேற்று என் கையில் போட்டது போன வருடத்து எண்ணெய்.

மதியச் சாப்பாடு நேற்றைய மிச்சம்: சுட்ட கத்தரிக்காயும் குடமிளகாயும் தோலுரித்து எண்ணெயில் போட்டது, ரொட்டி, காய்ந்துபோன கோகா. பணம் கொடுக்கப் போனால் பர்ஸைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டார்.

ஜூன் 25, புதன். திரும்புகிற ரயில்

காலை ஏழு மணிக்கே 29 டிகிரி. நேற்று நன்றாகத் தூங்கவில்லை, உடம்பெல்லாம் வலி, தம்பி செருப்பை மாட்ட முடியாமல் சாக்ஸோடு நிற்கிறான்.

கிளம்பும்போது மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் விளக்கு அணைந்துவிட்டது, எண்ணெய் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டாராம், அடுத்த ஜூனில் மலையிலிருந்து மறுபடி வரும் என்றார். ஜாடியில் எண்ணெய் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது, பூக்கள் மேலே மிதந்தன. அவர் ஜாடியைக் கால்வாசி திருப்பி, நிழல் விழுந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வைத்தார். நாற்பதாவது நாள் ஆகஸ்ட் 3, விரலை மடக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னார், அன்றைக்கு நிறம் எப்படி என்று போட்டோ அனுப்புகிறேன் என்று என் நம்பரைக் காலண்டரில் அந்தத் தேதியின் கட்டத்துக்குள் எழுதி வாங்கிக்கொண்டார்.